எந்த ஊர் டாக்டர்?

மலேசியாவின் பினாங்கில் சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தால் எங்கள் தெரு முனையில் பலகை மேடை ஏறிவிடும். பசித்த ஆவிகள் பூமிக்கு இறங்கி வரும் மாதம் அது. மேடை கோயிலைப் பார்த்து நிற்கும். முன்னால் போட்ட நாற்காலிகளில் முதல் வரிசை காலியாகவே கிடக்கும், அது ஆவிகளுக்கு. எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு நாள் முன்னால் இடம் கிடைக்காமல் மேடையின் பின்பக்கம் போய்விட்டேன். அங்கே முகம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும் பூசிய ஒருவர், பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் குந்தி உட்கார்ந்து மீ என்ற நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். கிண்ணத்தை வைத்தார், வாயைத் துடைத்தார், ஆணியில் தொங்கிய அங்கியை மாட்டினார். படியேறும்போது கழுத்து நீண்டது, தோள் இறங்கியது, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பின. மேலே போய்ச் சேர்ந்தவர் ஒரு படைத்தலைவர். கீழே கிண்ணத்தில் இன்னும் சூடு பறந்துகொண்டிருந்தது.

நடிப்பு என்றால் என்னவென்று நான் முதலில் பார்த்தது அந்த நான்கு படிகளில்தான். நாற்பது வருடமாக இங்கிலாந்தில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் குணச்சித்திர வேடங்கள் செய்கிறேன். பெரும்பாலும் சின்ன வேடங்கள். டாக்டர், கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், மணப்பெண்ணின் அப்பா. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை ஒரு முறை எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். எங்கள் வீடு ஒரு கடைவீட்டின் மாடி. கீழே ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் முதலாளியின் மளிகைக் கடை, அவரைத் தௌக்கே என்போம். பக்கத்து மாடியில் கெடாவிலிருந்து வந்த மலாய்க் குடும்பம், அந்த அம்மாவை மக்சிக் என்று கூப்பிடுவோம். வீட்டில் தமிழ், தெருவில் மலாயும் ஹொக்கியனும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். பல கலாசாரச் சூழல் என்று இப்போது சொல்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் தெரு.

ஒரு பகல் பொழுதில் அந்தத் தெருவில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அம்மா "சாப்பிட்டாச்சா?" என்பார். மக்சிக் "சூடா மாக்கான்?" என்பார். தௌக்கே "சியாக் பா போய்?" என்பார். அம்மா கேட்கும்போதே கை அடுப்படிப் பக்கம் போயிருக்கும். மக்சிக் தலையை லேசாகச் சாய்த்து, பதில் வரும்வரை காத்திருப்பார். தௌக்கே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், மணிச்சட்டத்தின் மேல் விரல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பதில் சொல்லாமல் போனால் கவனித்துவிடுவார். மொழி மாறும்போது கண்ணும் கையும் தோளும் சேர்ந்து மாறுகின்றன என்பதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஒவ்வொரு வேடத்துக்கும் அங்கிருந்துதான் எடுத்தேன்.

பினாங்கு நாடகத்துக்குப் பேர்போன ஊர் என்பது பெரியவனான பிறகுதான் தெரிந்தது. 1870களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் அங்கே வந்தன. அவற்றைப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் மலாய் மொழியில் அதே பாணியில் ஆடத் தொடங்கினார்கள். பங்சாவான் என்ற நாடக வகை அப்படிப் பிறந்தது. 1885இல் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் தனிக் குழுவே அமைத்தார். மலாய்த் திரையின் பெரிய கலைஞர் பி. ராம்லி பிறந்ததும் எங்கள் ஊரில்தான். 1950இல் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற இந்திய இயக்குநர். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காய் குவித்து வைத்து உடைப்பார்கள். யாருடைய கலை யாருடையது என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை வரவில்லை.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொன்னால் பொய். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது, நாடு முழுக்க அவசரநிலை வந்தது. எனக்குப் பதினோரு வயது. தௌக்கே கடைப் பலகையை இறக்கிவிட்டார். மக்சிக் வீட்டுச் சன்னலும் சாத்தியிருந்தது. அந்த வாரம் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டது அம்மா மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து பதுங்கும் காட்சி எது வந்தாலும், சாத்திய அந்தச் சன்னலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

1977இல், பத்தொன்பது வயதில், தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து வந்தேன். அந்தக் காலத்தில் மலேசியாவிலிருந்து நிறையப் பேர் அப்படி வந்தார்கள். மருத்துவமனைகளுக்கு ஆள் வேண்டும், எங்களுக்குப் படிப்பும் சம்பளமும் வேண்டும். எனக்குக் கிடைத்தது லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய மனநல மருத்துவமனை. வந்த முதல் நாளே என் பெயர் போய்விட்டது. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதியிருந்தேன். அதனால் எல்லோரும் "மிஸ்டர்" போட்டு அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு இதை எழுதியபோது, "நான் வராமலே லண்டனில் வேலை பார்க்கிறேன்" என்று சந்தோஷமாகப் பதில் போட்டிருந்தார்.

வார்டில் மொரீஷியஸ், அயர்லாந்து, ஜமைக்கா, மலேசியா, ஸ்பெயின் என்று எல்லா ஊர் ஆட்களும் வேலை செய்தோம். அந்த வருடங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான், பேசாத மனிதரின் பக்கத்தில் உட்காருவது. முப்பது வருடமாக அங்கேயே இருந்த ஒரு பெரியவர், தினமும் மூன்று மணிக்குத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிவிட்டு மறுபடியும் மாட்டி வைப்பார். எங்கேயோ போக வேண்டிய நேரம் அது என்று நினைக்கிறேன். ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், தொப்பியைத் தொடுவதற்கு முன்னால் அவர் மூச்சை நிறுத்துகிறார் என்று கண்டேன். மனிதரைக் கவனிப்பது என்றால் அவ்வளவு நாள் ஆகும். ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. அங்கே பார்த்த எந்த நோயாளியையும் மேடையில் நகல் எடுத்ததில்லை. அவர்கள் என்னை நம்பி உட்கார்ந்தவர்கள். கவனிக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நடிப்பு வகுப்புக்குப் போனது மாலை நேரத்தில். லண்டன் ஹோல்பர்னில் சிட்டி லிட் என்று பெரியவர்களுக்கான கல்லூரி இருக்கிறது, 1919இல் தொடங்கியது. முழு நேர நாடகப் பள்ளிக்குப் பணமோ நேரமோ இல்லாதவர்களுக்கு அது பெரிய கதவு. ஆனால் அன்று இன்னொரு கதவு இறுக்கி மூடியிருந்தது. ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தின் அட்டை இல்லாமல் வேலை தர மாட்டார்கள், வேலை செய்யாமல் அட்டை தர மாட்டார்கள். 1990 வாக்கில் சட்டம் மாறியபோதுதான் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. எனக்கு அட்டை கிடைத்தது ஒரு சின்ன சுற்றுப்பயணக் குழுவால். ஒரு வேன், ஐந்து நடிகர்கள், பள்ளிக்கூட மண்டபங்கள். காலையில் மேடை கட்டுவோம், மதியம் ஆடுவோம், சாயங்காலம் பிரித்து ஏற்றுவோம்.

நான் வந்து இறங்கிய அதே 1977இல் தாரா ஆர்ட்ஸ் என்ற நாடகக் குழு லண்டனில் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தின வருடம் சவுத்ஹாலில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயதுப் பையன் இனவெறிக்குப் பலியானான். அந்தக் கோபத்திலும் துக்கத்திலும் ஜதிந்தர் வர்மாவும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய குழு அது. அவர்கள் நாடகத்தைப் பார்க்கப் போனபோது, நம் நிறத்தில் இருப்பவர்கள் மேடையில் அரசனாகவும் பூசாரியாகவும் பொய்யனாகவும் நிற்பதைப் பார்த்தேன். டாக்டரும் கடைக்காரரும் தவிர வேறு ஆட்களாக நாம் இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. இந்தத் துறைக்கு வருபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான். உங்கள் ஊரில் உங்களைப் போன்றவர்கள் நடத்தும் குழுவைத் தேடிப் போங்கள். நடிக்க இடம் இல்லாவிட்டால் நாற்காலி போடுங்கள், விளக்குக்கு ஒயர் பிடியுங்கள். பிற்பாடு எனக்கு வந்த பாதி வேலைகள் அப்படிப் பிடித்த ஒயர்களின் வழியாகத்தான் வந்தன.

சரி, தலைப்புக்கு வருகிறேன். 1991 இருக்கும். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஆடிஷன். டாக்டர் பட்டேல், நான்கு வசனம். நான் சொல்லி முடித்ததும் இயக்குநர், "இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாகச் செய்ய முடியுமா?" என்றார். நம் ஆட்கள் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் வாயில் முதலில் வரும் கேள்வி எனக்கும் வந்தது. "இந்த டாக்டர் எந்த ஊர்?"

அறையில் சத்தமில்லை. "இந்தியாதான்" என்றார். பட்டேல் என்பது குஜராத்திப் பெயர் என்றேன். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது 28,000 பேர் அளவில் பிரிட்டனுக்கு வந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் குஜராத்திகள், இவரும் கம்பாலாவில் பிறந்து இங்கே படித்தவராக இருக்கலாம் என்றேன். என்னோடு வார்டில் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான். அவர் பேச்சில் குஜராத்தியும் ஆப்பிரிக்காவும் பழைய ஆங்கிலப் பள்ளிக்கூடமும் கலந்திருக்கும். அந்தக் குரலில் நான்கு வசனத்தையும் மறுபடி சொன்னேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேடம் வேறு ஒருவருக்குப் போனது. ஆனால் அன்று மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நடிகர் தேர்வாளர் ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டார். "ஊர் கேட்டவர் நீங்கள்தானே?" என்றார். அந்த ஒருவர் மூலம் மட்டும் அடுத்த பத்து வருடத்தில் ஏழெட்டு வேடங்கள் வந்தன.

அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் கையில் கிடைத்ததும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் எழுதுகிறேன். எந்த ஊர், வீட்டில் என்ன மொழி, ஆங்கிலம் யாரிடம் கற்றார், எத்தனை வயதில் இங்கே வந்தார். ஒரு வசனமே இருந்தாலும் இந்த நாலுக்கும் பதில் வேண்டும். இந்திய உச்சரிப்பு என்று ஒன்று கிடையாது. ஆங்கிலத்தின் டி ஒலி நம் ட-வும் அல்ல, த-வும் அல்ல, நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் படுகிறது. நாம் நாக்கை மடித்து இன்னும் மேலே கொண்டுபோகிறோம். அவர்களுக்கு வ இரண்டு, ஒன்றில் பல் உதட்டைத் தொடும், மற்றதில் உதடு குவியும், பல் தொடாது. நமக்கு ஒன்றே போதும். எ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் தமிழருக்கு ஒரு ய ஒட்டிக்கொள்ளும், "எம்" என்பது "யெம்" ஆகும். இந்திக்காரர்களில் பலருக்கு "ஸ்கூல்" முன்னால் ஒரு இ வரும். மலாய்க்காரர் சொல் இறுதி க்-கைத் தொண்டையிலேயே அடைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலே தாளம். ஆங்கிலேயர் ஒரு சொல்லில் ஓர் அசையைத் தூக்கி மற்றதை விழுங்குவார், நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சமமாகப் படி அளப்போம்.

இதைப் பயிற்சி செய்ய நான் கண்ட நல்ல வழி, நிஜத்தில் இருக்கும் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது. அவரிடம் கேட்டுவிட்டு இரண்டு நிமிடப் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் நாள் சொற்களை விட்டுவிட்டு அவர் மூச்சு விடும் இடங்களை மட்டும் பிடியுங்கள். அடுத்த நாள் வேகம். எழுத்து ஒலிக்குக் கடைசியில்தான் போக வேண்டும். ஒலியில் தொடங்கினால் பகடியாகிவிடும்.

பகடி நானும் செய்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். 1989இல் ஒரு விளம்பரம். தலையை ஆட்டி ஆட்டிப் பேசும் கடைக்காரர். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி, கேட்டபடி செய்துவிட்டேன். விளம்பரம் எட்டு வாரம் ஓடியது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைச் சுற்றி நின்று தலையை ஆட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவன் அழவில்லை. "நீங்க அப்படிப் பேச மாட்டீங்களே அப்பா" என்றான். அந்தப் பணம் எதற்குச் செலவானது என்றுகூட எனக்கு இன்று நினைவில்லை. எதைச் செய்ய மாட்டேன் என்பதைத் தொலைபேசி அடிப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பணம் கண் முன்னால் இருக்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது.

எந்த ஊர் என்ற அந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருப்பதைத் தொண்ணூறுகளின் கடைசியில் கற்றுக்கொண்டேன். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கோரும் ஒருவராக மேடையில் நடிக்க வேண்டியிருந்தது. கிழக்கு லண்டனில் இரவு வேலை பார்த்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் போனேன். "தம்பி, நீங்கள் எவடம்?" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். பினாங்கு என்றேன். "அதுக்கு முந்தி?" தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர் என்றேன். "அப்ப நாங்கள் கடலுக்கு இங்கால, நீங்கள் அங்கால" என்று சொல்லித் தேநீர் ஊற்றினார்.

அப்புறம் தன் விசாரணையைப் பற்றிச் சொன்னார். அதிகாரியும் எந்த ஊர் என்றுதான் கேட்டாராம். அந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம், சந்தை எந்தப் பக்கம், கோயிலுக்கும் உங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேள்விகள். "சொல்லச் சொல்ல அது என்ர ஊர் இல்லாமல் போன மாதிரி இருந்தது" என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். தான் சொல்வது அவருக்கு விளங்க வேண்டுமே என்று "கதைச்சனான்" என்று சொல்ல வந்ததை விழுங்கி "பேசினேன்" என்று சொன்னாராம். உயிரைக் காப்பாற்றச் சொல்லும் கதையைக்கூட இன்னொருவர் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் தான் அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மேடையில் நான் அதை அப்படியே செய்தேன், அவர் அனுமதியோடு. அந்த விழுங்கிய சொல்லையும் வைத்தேன். ஆங்கிலேயப் பார்வையாளர்களுக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. ஆனால் ஒரு மனிதர் எதையோ விழுங்குகிறார் என்பது கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது.

நாம் ஊர் கேட்பது ஒரு நூல் கிடைக்குமா என்று தேட. மாமா வீடு அந்தப் பக்கம், சித்தி அங்கேதான் வாக்கப்பட்டார் என்று எங்காவது ஒரு முடிச்சு விழும். இங்கே தெருவில், "உண்மையில் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்பவர்களில் சிலர் கேட்பது அந்த நூலை அறுக்க. சொல் ஒன்றுதான். ஒரு வேடத்தைக் கையில் எடுக்கும்போது முதல் வகையில் கேட்கிறேனா இரண்டாம் வகையில் கேட்கிறேனா என்று என்னையே பார்த்துக்கொள்வேன்.

தொழில் நுணுக்கம் பற்றிக் கொஞ்சம். மேடையில் நேரம் தெய்வம். இங்கே "ஹாஃப்" என்று ஓர் அழைப்பு உண்டு. பெயர் அரை மணி, ஆனால் திரை எழுவதற்கு 35 நிமிடம் முன்பே கொடுப்பார்கள். நடிகர் தன் இடத்தில் போய் நிற்க வேண்டிய நேரம் திரைக்கு 5 நிமிடம் முன், அங்கிருந்துதான் எல்லாம் பின்னோக்கி எண்ணப்படுகிறது. ஹாஃபுக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் மேடை மேலாளர் உங்களைத் தேடத் தொடங்கிவிடுவார். வாரத்துக்கு எட்டு காட்சி ஆடும்போது திறமையைவிட இந்த ஒழுங்குதான் உங்களை அடுத்த வேலைக்குக் கூப்பிட வைக்கும்.

கேமராவுக்கு முன்னால் வேறு கணக்கு. எந்தச் சொல்லில் கோப்பையை எடுத்தீர்கள், எந்தக் கையில் என்று நினைவில் வேண்டும், ஏனென்றால் அதே காட்சியைத் தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கோப்பை மாறினால் எடிட்டர் அந்தத் துண்டை வெட்டி எறிவார், அதில் உங்கள் நல்ல நடிப்பும் போய்விடும். தரையில் ஒட்டிய குறியில் பார்க்காமல் போய் நிற்கப் பழகுங்கள், வீட்டில் எண்ணி எண்ணி நடந்தால் வந்துவிடும். சாப்பிடும் காட்சியில் கொஞ்சமாக வாயில் வையுங்கள், பன்னிரண்டு தடவை சாப்பிட வேண்டிவரும். சின்ன வேடக்காரருக்கு மிக முக்கியமானது, மற்றவர் பேசும்போது நிஜமாகவே கேட்பது. நாயகன் இரண்டு நிமிடம் பேசுகிறார், உங்களுக்கு வசனமே இல்லை. எடிட்டருக்கு வெட்டிப் போக ஒரு முகம் தேவை. கேட்டுக்கொண்டிருக்கும் முகத்துக்குத்தான் அவர் போவார், தன் முறைக்குக் காத்திருக்கும் முகத்துக்குப் போக மாட்டார். வசனத்தில் இல்லாத நேரம் திரையில் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

இப்போது ஆடிஷன் பாதி வீட்டிலேயே. வெற்றுச் சுவர், முகத்துக்கு எதிரே சன்னல் வெளிச்சம், போனைக் குறுக்காக வைத்து எடுங்கள். எதிர் வசனம் படிப்பவர் போனுக்கு ஒட்டி நிற்கட்டும், உங்களைவிடத் தாழ்ந்த குரலில் படிக்கட்டும். மூன்று தடவைக்கு மேல் எடுக்காதீர்கள். பத்தாவது தடவையில் தவறு இருக்காது, உயிரும் இருக்காது.

பணத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏஜென்டுக்கு இங்கே பொதுவாகச் சம்பளத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் போகும். அதுவும் வேலை வந்த பிறகு. பட்டியலில் பெயர் சேர்க்க முன்பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நடிகர் சுயதொழில் செய்பவர், வரி அவரே கட்ட வேண்டும், கணக்கு ஜனவரி 31க்குள் போக வேண்டும். பணம் வந்த அன்றே நாலில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுவேன். கையில் இன்னொரு தொழில் இருப்பது கேவலம் இல்லை. நாற்பத்தைந்து வயதுவரை நான் மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். திரையில் டாக்டராக நடித்துவிட்டு அன்றிரவே படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறேன். வாடகை கட்டியிருந்ததால்தான் 1989க்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

வானொலி நாடகத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். முகம் தேவையில்லாத இடத்தில் நாம் யாராகவும் இருக்கலாம். ஸ்கிரிப்டை ஸ்டேப்ளர் போடாமல் தனித்தனித் தாளாகப் பிடிக்க வேண்டும், படித்த தாளைச் சத்தமில்லாமல் விலக்க வேண்டும், ஆடையில் சரசரப்பு கூடாது. இந்தியராக, பாகிஸ்தானியராக, இலங்கையராக, ஒரு தடவை எகிப்தியராகக்கூட நடித்த எனக்கு, மலேசியத் தமிழன் வேடம் முதன்முதலில் வந்தது வானொலியில்தான். தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருடம் கழித்து.

ஒரு தமிழ்க் கடைக்காரர். ஸ்கிரிப்டைப் பிரித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் மலேசியப் பேச்சில் வரும் "லா" போட்டுப் பேச எழுதியிருந்தார்கள். இதற்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம், இது நான்தானே என்று நினைத்தேன். பழக்கத்தால் முதல் பக்கத்தின் ஓரத்தில் எந்த ஊர் என்று எழுதினேன். பதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஈப்போ.

ஈப்போவும் மலேசியாதான், ஆனால் அங்கே கடைத்தெரு மொழி கேன்டனீஸ் என்ற வேறொரு சீன மொழி. எங்கள் தௌக்கேயின் ஹொக்கியன் அங்கே உதவாது. கதையில் அந்தக் கடைக்காரர் பக்கத்துக் கடைச் சீனப் பெண்மணியிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். நாற்பது வருடமாக வாயில் கிடந்த "சியாக் பா போய்" எனக்குத் தயாராக வந்தது, அதைச் சொன்னால் தப்பு. 1977இல் என்னோடு பயிற்சிக்கு வந்த ஈப்போக்கார அக்கா ஒருவர் ஓய்வு பெற்று லெஸ்டரில் இருந்தார். இரவு ஒன்பதரைக்கு அவரைக் கூப்பிட்டேன். சொல்லிக் கொடுத்தார், திருப்பிச் சொன்னேன். "கடைசிச் சொல்லை அப்படி இழுக்காதே தம்பி, திட்டுற மாதிரி இருக்கு" என்றார். மறுபடி சொன்னேன். "இப்ப வாய் சரி, ஆனா அவசரப்படுற. அந்தம்மா பதில் சொல்லட்டும், நில்லு" என்றார். பதினோரு மணிவரை அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணிக்குப் பதிவு.